பிரிஜிட்டின் கப்பலும் எங்கள் படகும்

இந்த நாட்டில் திருடியின் வாரிசு என்று சொல்லிக்கொள்வது பெருமை. டூங்கபி என்ற இந்தப் புறநகருக்கு வந்த புதிதில் இதை அறியாமல் ஒரு மடத்தனம் செய்தேன். பக்கத்து வீட்டு மொறீன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, தன் பாட்டனின் பாட்டி பிரிஜிட் அயர்லாந்தில் துணி திருடிப் பிடிபட்டு, கைதியாகக் கப்பலில் இங்கே அனுப்பப்பட்டவள் என்றார். எனக்குப் பாவமாகப் போய்விட்டது. குரலைத் தாழ்த்தி, "கவலைப்படாதீங்கோ, நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்" என்று அரைகுறை ஆங்கிலத்தில் தேற்றினேன். மொறீன் விழுந்து விழுந்து சிரித்தார். "எல்லாருக்கும் சொல்லு!" என்றார்.

எங்கள் குடும்பங்களில் இப்படி ஒருத்தி இருந்தால் அவள் பெயரையே எடுக்கமாட்டோம். நானும் மறைக்கிற ஆள்தான். மன்னாரிலிருந்து நானும் என் கணவரும் விசா இல்லாமல் மீன்பிடிப் படகில் வந்தவர்கள். இங்குள்ள தமிழர் கூட்டங்களில் "எந்த விசாவில வந்தனீங்கள்?" என்று கேட்டால், இவர் படிப்பு, வேலை என்று ஏதாவது சொல்லிச் சமாளிப்பார். படகு என்றதும் நம்மவர்களின் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறோம்.

மொறீன் ஓய்வு பெற்ற பிறகு நூலகம், பழைய தேவாலயம் என்று பிரிஜிட்டின் பின்னால் அலைந்தார். கிடைத்ததையெல்லாம் வேலியடியில் எனக்குச் சொன்னார். ஊரே பட்டினி கிடந்த காலம். மாதக்கணக்கில் கப்பலின் அடித்தட்டு. கரைக்கு வந்ததும் யாரோ வீட்டில் சம்பளமில்லாத வேலைக்காரி. பிறகு இன்னொரு கைதியைக் கட்டி, பிள்ளைகளைப் பெற்று வளர்த்து, கடைசிவரை தாயைப் பார்க்காமலே செத்துப்போனாள். அடித்தட்டு என்றபோது எனக்கு டீசல் மணம் மூக்கில் ஏறியது. எங்கள் படகில் மற்றவர்கள் செபமாலை சொல்ல, நான் வாந்தி எடுத்துக் களைத்து, போத்தல் மூடியில் அளந்து தரும் தண்ணீருக்காகக் காத்துக்கிடந்தேன். பிரிஜிட்டை எனக்கு அன்றே பிடித்துப்போயிற்று. என்ன ஒரு கெட்டிக்காரி! எல்லாவற்றையும் தாக்குப்பிடித்திருக்கிறாள்.

சென்ற நவம்பரில் பரமட்டாவின் பழைய சேமக்காலையில், அதுவரை பெயரில்லாமல் கிடந்த அவள் புதைகுழிக்கு ஒரு கல் நட்டார்கள். நான் ஊர் வழக்கப்படி மெழுகுதிரி கொண்டுபோய்க் கொளுத்தினேன். வாரிசுகள் எல்லோரும் நெஞ்சில் ஓர் அட்டை குத்தியிருந்தார்கள். அதில் கைதியின் பெயர், அதன் கீழே அவர் வந்த கப்பலின் பெயர். தலைநிமிர்ந்து நின்ற அவர்களைப் பார்க்க எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. மொறீன் வெற்று அட்டை ஒன்றை என்னிடம் நீட்டி, "நீ எதில வந்தாய்? பிளேனா?" என்றார்.

கூட வந்திருந்த என் கணவர், சொல்லாதே என்பதுபோல் என் முழங்கையைப் பிடித்தார். நான் பிரிஜிட்டின் கல்லைப் பார்த்தேன்.

"படகில" என்றேன்.

ஒருவர் முகமும் மாறவில்லை. மொறீன் கேட்டது ஒன்றுதான்: "அதுக்குப் பேர் என்ன?"

இத்தனை வருடத்தில் அதை யாருமே என்னிடம் கேட்டதில்லை. அழுகை வந்துவிட்டது. 'மரியநாயகி' என்று தமிழிலேயே எழுதிக் குத்திக்கொண்டேன்.

திரும்பும் வழியில் மீன் வாங்கத் தமிழ்க் கடையில் நிறுத்தினோம். கல்லாவில் இருந்த அன்ரி, "எங்க பிள்ளை போட்டு வாறியள்?" என்றார்.

"சேமக்காலைக்கு அன்ரி."

"ஆரும் சொந்தக்காரரோ?"

"ஓம் அன்ரி. கப்பலில வந்தவ."

அன்ரிக்கு விளங்கவில்லை. ஆங்கிலத்தில் படகு என்று சொன்ன வாய், தமிழில் அதற்கு மேல் திறக்கவில்லை. கடை வாசலிலேயே கழற்றிய அட்டை என் கைக்குள் இருந்தது. காருக்குள் ஏறியதும் மறுபடி குத்திக்கொண்டேன்.