உணவுத் தெருவும் உப்புக் கொட்டகையும்

“…அம்புட்டுப் பேரும் கறிய ருசிச்சுத் திங்கிறீங்க, சரி. தோல என்னா சார் செய்வீங்க? சுருட்டி அந்த மேப்புக்குள்ள வச்சுக்குவீங்களா?”

மண்டபமே சிரித்தது. கேட்ட மாமா சிரிக்கவில்லை.

மாமா என்றால் ரத்த உறவில்லை. அவர் திண்டுக்கல் பேகம்பூரில் தோல் வியாபாரி, நான் சேவுகம்பட்டிப் பக்கம் காய்கறி போடுகிறவன். எங்கள் ஊர்க் கறிக்கடைகளில் ஆட்டுத்தோல் எடுக்க வந்து பழக்கம். ஒருநாள் மாப்ள என்று கூப்பிட்டார், நான் மாமா என்றேன், அது அப்படியே நிலைத்துவிட்டது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட எனக்கு மனிதர்களின் பேச்சுதான் பாடம். அவர் பேச்சில் பாதியை என் பேச்சு மாதிரி ஊருக்குள் அவிழ்த்துவிட்டிருக்கிறேன்.

வட்டாரப் பொருளாதார வளர்ச்சித் திட்டம் போடுகிறோம், மக்கள் கருத்து வேண்டும் என்று திண்டுக்கல்லில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். சுவர் அகலத்துக்கு வரைபடம். ஆளுக்குக் கொஞ்சம் பச்சைப் பொட்டு கொடுத்து, எந்த இடம் வளர வேண்டுமோ அங்கே ஒட்டச் சொன்னார்கள். பகுதி பகுதியாகப் பேசி முடிவெடுப்பார்களாம். நான் எங்கள் பக்கத்துக்கு ஒரு காய்கறிக் கிடங்கு கேட்டு ஒட்டினேன். மாமாவுக்கு வேண்டியது ஒன்றுதான். தோலுக்கு உப்புப் போட்டு அடுக்கும் அவர்களுடைய கொட்டகை, தொழில் நடக்கும் இடம் என்று திட்டத்தில் வரவேண்டும். வராவிட்டால் லைசென்ஸ் புதுப்பிக்க முடியாது என்று ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள்.

கூட்டம் வைத்தது வெள்ளிக்கிழமை. பேகம்பூர்க்காரர்களையும் கூப்பிட்டுவிட்டு, அவர்கள் பகுதியை மத்தியானத்துக்கு வைத்திருந்தார்கள். ஜும்ஆ நேரம் நெருங்கியதும் மாமா எழுந்தார். கூட வந்தவர்களும் எழுந்தார்கள்.

“மாப்ள, தொழுதுட்டு செத்த நேரத்துல வந்துர்றோம். எங்க எடத்த மட்டும் கடைசிக்குத் தள்ளச் சொல்லு.”

சொன்னேன். மைக் பிடித்திருந்த ஆலோசகர் சென்னையிலிருந்து வந்தவர். அழகாகச் சிரித்தார். “எல்லாருக்கும் டைம் கொடுத்திருக்கோம் சார். இருக்கிறவங்க சொல்லட்டும்.”

இருக்கிறவர்கள் சொன்னார்கள். நாற்றம் தாங்கவில்லை என்றார் ஒருவர். வெளியூர்க்காரன் மூக்கைப் பிடிக்கிறான் என்றார் இன்னொருவர். கொட்டகையை எடுக்காதீர்கள் என்று நான் எழுந்து கத்தினேன். “நீங்க அந்த ஏரியாவா சார்?” என்று கேட்டார்கள். அதோடு சரி. கொட்டகை இருந்த இடம் வண்டி நிறுத்துமிடமாகிவிட்டது. பக்கத்தில் வரப்போகும் உணவுத் தெருவுக்காக. நம்ம ஊர் பிரியாணியை உலகத்துக்குக் கொண்டுபோகிற தெருவாம். வளர்ச்சி, வளர்ச்சி என்று காலையிலிருந்து கேட்டுக் கேட்டு அந்தச் சொல்லே எனக்குக் கசந்துபோனது. இன்னும் அந்தக் கசப்பு போகவில்லை.

அவர்கள் திரும்பி வந்தபோது மண்டபம் பிரியாணிப் பொட்டலம் பிரித்துக்கொண்டிருந்தது. மாமா நேரே வரைபடத்துக்குப் போனார்.

“இதென்னா மாப்ள, எங்க கொட்டகை மேல கார் ஏறி நிக்கிது?”

நடந்ததைச் சொன்னேன். அப்போதுதான் ஆலோசகரைப் பார்த்து, கறியைத் தின்கிறீர்களே, தோலை என்ன செய்வீர்கள் என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

“சூப்பரா பேசுறீங்க பாய். இதையும் குறிச்சுக்கிறோம்” என்றார் ஆலோசகர். பேனாவை எடுக்கவில்லை. “எல்லாரும் போட்டோவுக்கு வாங்க. பாய், நீங்க முன்னாடி, நடுவுல நில்லுங்க. தொப்பி நல்லாத் தெரியணும். ரிப்போர்ட்டுல போடுறதுக்கு.”

நான் அவர் கையைப் பிடித்தேன். “வாங்க மாமா, போயிருவோம்.”

“எங்கிட்டுப் போறது? லைசென்சு லைசென்சுன்னு நாளைக்கும் இந்த ஆபீசருங்க வாசல்லதான மாப்ள நிக்கணும்.”

தொப்பியைக் கழற்றினார். மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். போய், கடைசி வரிசையில், உயரமான ஒருவரின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டார்.