டயர் தண்ணீர் குடித்த நாள்

போன மாதம் மகனுடைய கால்சட்டையைத் துவைக்க எடுத்தபோது கணுக்கால் பக்கம் இரண்டு சின்ன ஓட்டைகள் இருந்தன. ஆணியில் மாட்டியது என்றான். பதினைந்து வயதுப் பையன் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் பதில் சொன்னால் அது ஆணியாக இருக்காது. தெருமுனையில் ஒரு நாய்க்குட்டியைத் தூக்கப் போனவனைத் தாய் நாய் பிடித்திருந்தது. இரண்டு நாள் மறைத்து வைத்திருக்கிறான். ஆட்டோவில் ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை அவன் காலை நான் விடவில்லை. இப்போதெல்லாம் கையில்தான் ஊசி. சில தடவைகளோடு முடிந்துவிடுகிறது. யாரும் காத்திருக்கச் சொல்வதில்லை, போன உடனே போட்டுவிடுகிறார்கள். கடைசி ஊசியும் போட்டாயிற்று. அவன் கிரிக்கெட் ஆடப் போய்விட்டான். அவன் தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் நான்தான் இன்னும் கதவோரம் நின்று பார்க்கிறேன்.

அப்படி நின்ற ஒரு தடவைதான் நைனாவின் முகம் நினைவுக்கு வந்தது. எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். பள்ளிப்பட்டுப் பக்கத்துக் குடும்பம். ஆந்திர எல்லை கூப்பிடு தூரத்தில் இருந்ததால் ஒட்டிக்கொண்ட அந்தச் சொல், பிழைப்புக்காகத் திருவள்ளூர் வந்த பிறகும் எங்களை விட்டுப் போகவில்லை.

எழுபதுகளின் தொடக்கம் அது. மணவாள நகரில் ஓர் ஓட்டு வீட்டில் வாடகைக்கு இருந்தோம். நைனா ஒரு துணி சோப்பு ஏஜென்சியில் வேன் ஓட்டினார். ஒருநாள் திருத்தணி, பள்ளிப்பட்டு. மறுநாள் ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், ஆரணி, அப்படியே கும்மிடிப்பூண்டி. ஊர் ஊராகப் போய்க் கடைகளில் சோப்புப் பெட்டி இறக்கிவிட்டு வருவார். வேனிலும் நைனாவின் சட்டையிலும் எங்கள் வீட்டுச் சோற்றிலும்கூட சோப்பு வாசனை அடிக்கும்.

எங்கள் நாயின் பெயர் டயர். பஞ்சர் கடையில் ஒரு பழைய டயருக்குள் சுருண்டு கிடந்த குட்டியை நான்தான் பாவாடையில் சுற்றி எடுத்துவந்தேன். நைனாவுக்கு அதைப் பிடிக்காது. ஊட்ல சோறு துன்றதுக்கு ஆளா இல்ல என்று முதல் நாள் கேட்டார். அதற்குப் பிறகு அதை அடிக்கவும் இல்லை, கொஞ்சவும் இல்லை. டயர் வேனுக்கு அடியில் படுத்துக்கொள்ளும். நைனா வண்டியை எடுக்கும் முன் காலால் தரையைத் தட்டுவார், அது எழுந்து போய்விடும். இருவருக்கும் இடையில் இருந்த பேச்சுவார்த்தை அவ்வளவுதான்.

அந்த மே மாதம் ஒரு காலையில் ஆயில் ஒழுகுகிறதா என்று பார்க்க வண்டிக்கு அடியில் நகர்ந்த நைனா தரையைத் தட்ட மறந்துவிட்டார். தூங்கிக்கொண்டிருந்த டயரின் வாலில் முழங்கையை ஊன்றினார். அது கண்ணைத் திறக்கும் முன்பே வாயைத் திறந்துவிட்டது. முன்கையில் இரண்டு பல் பதிந்தது.

அந்தக் காலத்தில் நாய்க்கடி ஊசி என்றால் தொப்புளைச் சுற்றிப் பதினாலு. அந்த மருந்தே சிலருக்குக் கைகால் விளங்காமல் செய்துவிடும் என்ற பயம் டாக்டர்களுக்கும் இருந்தது. வீட்டு நாய், வாலை நசுக்கியதால் கடித்தது, காயமும் சிறியது என்பதால், நைனாவைப் பார்த்த டாக்டர் பத்து நாள் நாயைக் கண்ணிலேயே வைத்திருக்கச் சொன்னார். பத்து நாள் கழித்தும் அது நன்றாக இருந்தால் நைனாவுக்குப் பயமில்லை. நடுவில் அது தண்ணீர் குடிக்காமல் போனாலோ, வாயில் நுரை தள்ளினாலோ, செத்தாலோ, காணாமல் போனாலோ அந்த நிமிஷமே ஓடிவர வேண்டும். வெறிநோய் மனிதனுக்கு வந்துவிட்டால் பிறகு வைத்தியம் கிடையாது.

இது நைனாவுக்கும் அம்மாவுக்கும் தெரிந்த கதை. ஒன்பது வயதான எனக்குச் சொல்லப்பட்டது வேறு. "பத்து நாளு டயரப் பாக்கணும். ஒயுங்கா இருந்தா வச்சிக்கலாம்" என்றார் நைனா. தண்ணீர், நுரை என்று அம்மாவிடம் அவர் கிசுகிசுத்ததையும் கேட்டுவிட்டேன். முழுப்பரீட்சை எழுதி முடித்திருந்த நேரம். டயருக்கும் பரீட்சை வைத்திருக்கிறார்கள் என்று புரிந்துகொண்டேன். பெயிலானால் என்ன என்பதும் தெரியும். முந்தைய வருடம் எங்கள் தெருவுக்கு நுரை தள்ளிக்கொண்டு வந்த ஒரு செவலை நாயை ஆண்கள் எல்லோரும் சேர்ந்து கட்டையால் அடித்தே கொன்றார்கள். நைனாவின் காயமோ நான்கு நாளில் ஆறிவிட்டது. ஆகவே ஆபத்து டயருக்குத்தான்.

அம்மா இரண்டு மாதக் கைக்குழந்தையோடு இருந்தாள், நாயை வீட்டில் வைத்துக்கொள்ள மறுத்துவிட்டாள். விஷயம் தெரிந்தால் தெருக்காரர்கள் பத்து நாள் பொறுக்க மாட்டார்கள். லீவு கேட்டால் முதலாளி வேறு டிரைவரைப் பார்த்துக்கொள்வார். எனவே டயர் வேனில் ஏறியது. என் பக்கத்தில் மட்டுமே அது அடங்கி உட்காரும் என்பதால் நானும் ஏறினேன். என் வாழ்க்கையின் முதல் சுற்றுலா அப்படித்தான் அமைந்தது.

நைனா டயருக்கென்று ஓர் அலுமினியத் தட்டு வாங்கினார். ஒவ்வொரு ஊரிலும் வண்டி நின்றதும், கடைக்குப் போகும் முன்பே, ரேடியேட்டருக்கு வைத்திருந்த டப்பாவிலிருந்து தட்டில் தண்ணீர் ஊற்றி அதன் முன் குந்திக்கொள்வார். டயர் நக்கி முடிக்கும்வரை எழுந்திருக்க மாட்டார். இத்தனை வருடம் ஏறெடுத்துப் பார்க்காதவர் இப்படி ஆகிவிட்டாரே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. பள்ளிப்பட்டில் ஒரு கடைக்காரர், முன் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த டயரைப் பார்த்துவிட்டு, "இன்னா நைனா, புது கிளீனரா? ஸ்டேரிங்கு எப்ப குடுக்கப்போறே?" என்றார். நைனா சிரித்தார். சிரிக்கும்போதும் கண் தட்டின் மேலேயே இருந்தது.

ஒரு வருத்தம் மட்டும் எனக்கு இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் டீக்கடைக்குப் போனால் நைனா பாதி டீயைக் குடித்துவிட்டு மீதியை என்னிடம் தருவார். அடியில் தங்கிய சர்க்கரை முழுவதும் எனக்கு வரும். இந்தப் பயணத்தில் எனக்கென்று தனி டீ வாங்கினார். பெரியபாளையத்தில் நானே அவர் டம்ளரை எட்டிப் பிடித்தபோது கையைத் தட்டிவிட்டார். டீ என் பாவாடையில் கொட்டியது. வீட்டிலும் தன் தட்டைத் தானே கழுவினார், தம்பியைத் தூக்கவில்லை. நாயைக் கொண்டுவந்தவள் என்று என் மேல் கோபம் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

எட்டாம் நாள் ஆரணி, பட்டு ஆரணி இல்லை, பெரியபாளையத்துக்கு அடுத்த ஆற்றங்கரை ஆரணி. கடைத்தெருவில் ஒரு புளியமர நிழலில் வண்டியை நிறுத்தினார். டயர் தட்டுத் தண்ணீரைக் குடித்தது. அதைப் பின்பக்கம் பெட்டிகளுக்கு நடுவே கயிற்றால் கட்டி, என்னைக் காவலுக்கு வைத்துவிட்டு, தோளில் இரண்டு பெட்டிகளோடு நைனா கடைகளுக்குப் போனார். வெயிலும் சோப்பு வாசனையும் சேர்ந்து என்னைத் தூங்க வைத்துவிட்டன.

விழித்தபோது டயர் தலையை உதறிக்கொண்டிருந்தது. அதன் வாயிலிருந்து வெள்ளை வெள்ளையாக நுரை வழிந்தது. தட்டில் தண்ணீர் ஊற்றி முகத்தருகே நகர்த்தினேன். வெயிலில் கொதித்துப்போயிருந்த டப்பாத் தண்ணீர். மோந்து பார்த்துத் தும்மிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. நுரையும் வந்துவிட்டது, தண்ணீரும் குடிக்கவில்லை. எட்டு நாள் பாஸான டயர் இரண்டு நாள் பாக்கியில் பெயிலாகிவிட்டது.

நைனா திரும்பி வருவதற்குள் அது தப்பித்துவிட வேண்டும். எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. கயிறு டிரைவர்கள் போடும் முடிச்சு. விரலால் முடியாமல் பல்லால் அவிழ்த்தேன். கீழே இறக்கிப் போ என்றேன். அது வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. ஒரு கல்லை எடுத்து எறிந்தேன். விலாவில் பட்டது. ஒரு முறை என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு ஆற்றுப் பக்கமாக ஓடியது.

நைனா வந்து வெறும் கயிற்றைப் பார்த்தார். அவுந்துடுச்சி என்றேன். அவர் கயிற்றின் நுனியைக் கையில் எடுத்தபோதே கடைத்தெருவிலிருந்து யாரோ கத்தினார்கள், ஒரு நாய் நுரை தள்ளிக்கினு ஆத்துப் பக்கம் ஓடுது, புள்ளைங்கள உள்ள இஸ்துக்கங்க என்று. நைனாவின் கை தானாகப் போய் மறு கையில் கடிபட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டது. அடுத்த நொடி செருப்பை அங்கேயே விட்டுவிட்டு ஓடினார். நானும் அழுதுகொண்டே பின்னால் ஓடினேன்.

எங்களுக்கு முன்னால் நாலைந்து பேர் கட்டையோடு போய்க்கொண்டிருந்தார்கள். அடிக்காதீங்க, அது உயிரோட வேணும், அது உயிரோட வேணும் என்று நைனா கத்திக்கொண்டே ஓடினார். இவ்வளவு பிரியத்தை எங்கே ஒளித்து வைத்திருந்தார் என்று அந்த அழுகையிலும் நினைத்தேன்.

மே மாதத்து ஆறு முழுவதும் மணல். நடுவில் பெண்கள் ஊற்றுத் தோண்டிச் சொம்பால் மொண்டு குடத்தில் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். கட்டைக்காரர்களைப் பார்த்ததும் எல்லோரும் விலகிவிட்டார்கள். ஒருத்தி மட்டும் நகரவில்லை. அம்மாவைவிடப் பத்து வயது பெரியவளாக இருக்கலாம். முழங்கால்வரை புடவையைச் செருகிக்கொண்டு, கையில் சொம்போடு நின்றாள். அவள் காலுக்குப் பின்னால் டயர்.

"தள்ளிக்கோம்மே, வெறி நாயி. வாயப் பாரு, நுர" என்றார் ஒருவர்.

"வெறி நாயி தண்ணி குடிக்குமாய்யா? காலையிலேர்ந்து தோண்டி எடுத்தது, அரக் கொடத்தக் காலி பண்ணிட்டு நிக்குது. அடிக்கிறதுன்னா என்னிய அடி, மொண்டு ஊத்துனவ நானு." குனிந்து டயரின் மூக்கை மோந்தாள். "சோப்பு வாசன அடிக்குது. உன் வேட்டி இந்த வாசனயப் பாத்து எத்தினி நாளாச்சோ, போ."

மற்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். கட்டைகள் தாழ்ந்தன. நைனா அவள் எதிரில் போய் நின்றார். மூச்சு வாங்கியது.

"நெஜமா குடிச்சிதாம்மா? நீ பாத்தியா?"

"இன்னாய்யா கேக்குற, தோ பாரு" என்று அவள் சொம்பைச் சாய்த்தாள். ஊற்றிலிருந்து அப்போதுதான் மொண்ட குளிர்ந்த தண்ணீர். டயர் சளக் சளக்கென்று குடித்தது.

நைனா மணலில் உட்கார்ந்து முழங்கால்களுக்கு நடுவே தலையைப் புதைத்துக்கொண்டார். தோள்கள் குலுங்கின. சிரிக்கிறார் என்று நினைத்து நானும் சிரித்தேன். அந்தப் பெண் அவர் கையில் இருந்த தழும்பைப் பார்த்தாள். அவள் குரல் இறங்கிப்போனது.

"எத்தினி நாளாச்சி?"

"எட்டு."

"ஒண்ணும் ஆவாது. ஊட்டுக்குப் போ."

என் முகத்தைக் கழுவிவிட்டு, முந்தானையால் துடைத்தாள். அவள் பெயரை நாங்கள் கேட்கவில்லை. அந்த வழியாகப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் பாலத்தின் மேல் எழுந்து நின்று கும்பிடுகிறேன். பக்கத்தில் இருப்பவர்கள் எந்தக் கோயில் என்று தேடுவார்கள்.

வேனுக்குத் திரும்பியதும் நைனா பெட்டிகளை நகர்த்திப் பார்த்தார். ஓரம் கிழிந்த ஒரு பெட்டியிலிருந்து பாதி தின்ற சோப்புக் கட்டி விழுந்தது. பிறகு கயிற்றின் நுனியை எடுத்துப் பார்த்தார். அது இன்னும் என் எச்சிலில் ஈரமாக இருந்தது. "நான் போடுற முடிச்சி தானா அவுராது பாப்பா" என்று மட்டும் சொன்னார். டயரை முன் சீட்டில் எங்கள் நடுவே உட்கார வைத்தார். அன்று கும்மிடிப்பூண்டிவரை போனோம். கம்பெனிகள் வரப்போகின்றன என்று வயல்களில் அளந்து கல் நட்டிருந்தார்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் தட்டில் தண்ணீர் ஊற்றிக் குந்திக்கொண்டார். இப்போது நானும் பக்கத்தில் குந்தினேன்.

பத்தாம் வகுப்பில் உயிரியல் டீச்சர் வெறிநோய் எச்சிலில் பரவும் என்று பாடம் நடத்திய அன்றைக்குத்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. நடுவில் எழுந்து வெளியே போய்க் குழாயடியில் நின்றேன். நான் எறிந்த கல் யார் மேல் பட்டிருக்கக்கூடும் என்பது அப்போதுதான் தெரிந்தது. வீட்டுக்குப் போய் நைனாவிடம் சொல்ல வாயெடுத்தேன். அன்னிக்கே தெரியும், போய் சோத்தத் துன்னு என்றார். அந்த ஆரணிப் பயணத்துக்குப் பிறகு முப்பத்தொரு வருடம் இருந்தார். என் கல்யாணத்தை நடத்தினார், என் மகனைத் தூக்கினார். டயர் அவருடைய கட்டிலுக்கு அடியில், வீட்டுக்கு உள்ளேயே, வயதாகிச் செத்தது.

அந்தக் கோடையில், பத்தாம் நாள் டாக்டர் டயரைப் பார்த்துவிட்டு, போய்ட்டு வாங்க என்றார். அம்மா நேராகப் பெருமாள் கோயில் குளத்துக்கு நடந்தாள். நோய் கரைய வேண்டும் என்று வேண்டிக்கொண்டவர்கள் அந்தக் குளத்தில் வெல்லம் கரைப்பது எங்கள் ஊர் வழக்கம். நாய்க்காகக்கூட வேண்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது என்று நினைத்தேன். அம்மா படியில் உட்கார்ந்து வெல்லத்தைத் தண்ணீருக்குள் பிடித்துக்கொண்டிருந்தாள். விரல்களுக்கு நடுவே ஒன்றும் இல்லாமல் போன பிறகும் கையை எடுக்கவில்லை. நைனா தம்பியைத் தூக்கி, அவன் கன்னத்தில் முகத்தை வைத்தபடி நெடுநேரம் நின்றார்.

திரும்பும் வழியில் டீக்கடை. நைனா ஒரு டீ மட்டும் சொன்னார். பாதியைக் குடித்துவிட்டு டம்ளரை என் பக்கம் நீட்டினார். அடியில் சர்க்கரை தெரிந்தது. டயர் பாஸாகிவிட்டது, நான் கயிற்றை அவிழ்த்ததையும் மன்னித்துவிட்டார் என்று சந்தோஷமாகக் குடித்தேன். ஒரு வாய் டீ குடிப்பதை, கடைசிச் சொட்டுவரை கண் எடுக்காமல், அவர் ஏன் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று மட்டும் அன்று எனக்குப் புரியவில்லை.