ஒரு விநாடி பிந்திய அடி

என் கணினி மேசை இழுப்பறையில் ஒரு ஜோடி டிரம்ஸ் குச்சிகள் எட்டு வருடமாகக் கிடக்கின்றன. பிடிக்கும் இடத்தில் நீல டேப் சுற்றியிருக்கும். என் மனைவியின் தம்பியுடையவை. மேலூரிலிருந்து சமயநல்லூர் வரை அவன் வாசிக்காத திருவிழா மேடை இல்லை.

பழைய பேசாத சிரிப்புப் படங்களுக்குப் புது இசை சேர்த்துத் தொகுக்கும் வேலை வந்தபோது அவனைத்தான் கூப்பிட்டேன். ஏணியோடு ஒருவன் தண்ணீர்த் தொட்டிக்குள் விழும் காட்சி. திரையைப் பார்த்தபடியே வாசித்தான். ஆள் விழுந்து, ஒரு விநாடி திருதிருவென்று விழித்த பிறகுதான் இவனுடைய அடி விழும். "விழுகும்போதே அடிக்கணும்ல மாப்ள?" என்றேன். "பொறுங்க மச்சான். விழுந்தது மொதல்ல அவனுக்குத் தெரியணும்ல? அப்பத்தான் நமக்குச் சிரிப்பு வரும்" என்றான். கேட்டேனா? பெரிய மேதாவி நான்! அவன் போன பிறகு ஒவ்வொரு அடியையும் கணினியில் முன்னால் நகர்த்தி, விழும் நொடியோடு ஒட்டவைத்தேன். அவனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஒத்தக்கடையில் ஒரு கல்லூரியில் படத்தைப் போட்டோம். அரங்கமே இழவு வீடு மாதிரி உட்கார்ந்திருந்தது. "தாளந்தாண்ணே காலை வாரிருச்சு" என்று ஏற்பாட்டாளர் அவன் காதுபடவே என்னிடம் சொன்னார். அவன் என்னைப் பார்த்தான். நான் குனிந்து வயரைச் சுருட்ட ஆரம்பித்தேன். "கை போயிருச்சு போல மச்சான். எனக்கே என்னமோ மாதிரி கேட்டுச்சு" என்று சொல்லி, குச்சிகளை என் பையில் போட்டுவிட்டுப் போனான். அதன்பின் எந்த மேடையிலும் ஏறவில்லை. சமயநல்லூரில் பஞ்சர் கடை வைத்தான். "ஏன்டா வாசிக்கிறத விட்ட?" என்று அவன் அக்கா கேட்கும்போதெல்லாம் நான் தலைநிமிராமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பேன். வெட்கங்கெட்ட ஜென்மம்.

போன மாதம் பழைய ஹார்ட் டிஸ்க்கைத் துழாவியதில், நான் கைவைப்பதற்கு முந்தைய பதிவு அகப்பட்டது. படத்தோடு சேர்த்து ஓட்டினேன். பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த என் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஒவ்வொரு முறையும், பிந்தி விழுந்த அந்த அடியில்தான் சிரித்தாள்.

மறுநாளே குச்சிகளை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். நாலு வார்த்தை திட்டுவான் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் தேவலை. கிரீஸ் கையைத் துடைத்துவிட்டுக் குச்சிகளை வாங்கி, நீல டேப்பைத் தடவிப் பார்த்தான்.

"அப்ப அன்னைக்கு என் கை சரியாத்தான் இருந்துச்சா மச்சான்?"

"ஆமா மாப்ள."

ஒரு விநாடி சும்மா நின்றான். பிறகுதான் அவன் கண் கலங்கியது. குச்சிகளை என் கையிலேயே திணித்துவிட்டு, வந்து நின்ற வண்டியின் டயரைக் கழற்ற உட்கார்ந்தான். அவற்றை மறுபடி இழுப்பறையில்தான் வைத்திருக்கிறேன்.