டைட் பேண்ட்டில் பெண் பார்க்கப் போனது

சங்ககிரியில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் நான் குமாஸ்தாவாக இருந்தபோது, ‘டைட்’ என்ற ஒரே சொல்லை வைத்தே பாதி நாளை ஓட்டிவிடலாம். லோடு கயிறு டைட், சக்கரத்து நட்டு டைட். காசில்லாவிட்டால் கை டைட். ஆள் தள்ளாடினால் அவரும் டைட். எழுபதுகளின் கடைசியில் அந்தச் சொல் என் தொடைக்கும் வந்து சேர்ந்தது.

பெண் பார்க்கப் போவதற்காக பெல்பாட்டம் தைத்தேன். கீழே யானைக்கால் நுழையும். மேலே காற்றுகூட நுழையாது.

“உக்கார முடியலீங்களே” என்றேன்.

“ஸ்டைலுன்னா டைட்டாத்தானுங்க இருக்கோணும். ஏனுங்க, நீங்க பொண்ணு பாக்கப் போறீங்களா, உக்காரப் போறீங்களா?” என்றார் டெய்லர்.

திருச்செங்கோடு பஸ்ஸில், துணைக்கு வந்த மாமாவின் பக்கத்தில் சீட் காலியாக இருந்தும் நின்றுகொண்டே போனேன். இறங்கும்போது பின்னால் ஒரு தையல் ‘டிக்’ என்றது.

பெண் வீட்டில் ஜமக்காளம் விரித்திருந்தார்கள். எல்லாரும் உட்கார்ந்தாயிற்று. நான் மட்டும் லைட் கம்பம் மாதிரி.

“உக்காருங்க தம்பி” என்றார் பெண்ணின் அப்பா.

“இருக்கட்டுங்க.”

அவர் என் மாமாவின் காதோரம் குனிந்தார். ரகசியம் எனக்கும் கேட்டது. “பையனுக்கு மூலம் கீலம் ஏதாச்சும் இருக்குதுங்களா? மறைக்காமச் சொல்லீருங்க.”

“அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க” என்ற மாமா, என் பக்கம் திரும்பி, “உக்காரு சாமி” என்று கெஞ்சினார்.

சம்பந்தமே கைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. பெண் வேறு காபித் தட்டோடு வந்துவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். தார்ப்பாய் கிழிகிற சத்தம்.

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. பெண்ணின் அப்பா எழுந்துவந்து, தோள் துண்டை என் இடுப்பில் சுற்றி, உள்ளே கூட்டிப்போய்த் தன் வேட்டி ஒன்றைக் கொடுத்தார்.

“மூலம் இல்லீங்கல்ல, அது போதும். அடுத்த வாரம் நாங்க உங்க ஊட்டுக்கு வாரமுங்க” என்றார்.

திரும்பி வந்து சம்மணமிட்டேன். அவசரத்தில் கட்டிய வேட்டி. அவிழ்ந்துவிடுமோ என்று ஒரு கை இடுப்பில், ஒரு கையில் காபி, கண் இரண்டும் இடுப்புச் சொருகலின் மேல்.

தெருமுனை தாண்டியதும் மாமா கேட்டார். “பொண்ணு எப்படீடா?”

நான் பார்த்ததெல்லாம் தட்டைப் பிடித்திருந்த பச்சை வளையல்தான்.

“நல்ல பொண்ணுங்க மாமா” என்றேன். தாலி கட்டும்வரை, அந்த முகம் எப்படி இருக்குமோ என்ற கவலை தனியாக.