மயிலுக்குப் பொத்திய காது

எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர், அதுவும் மண்சுவர். அந்தப் பக்கம் அம்மிக்குழவி உருண்டால் இந்தப் பக்கம் உறியில் தொங்கும் சட்டி ஆடும். ஜலகண்டாபுரத்து நெசவுத் தெருவில் எல்லா வீடும் அப்படித்தான். ஒரு வீட்டில் குழந்தை தும்மினால் மூன்று வீட்டிலிருந்து 'நூறு' என்று வாழ்த்து வரும். அப்படிப்பட்ட தெருவில் நாங்கள் ஒரு மயில் வளர்த்தோம்.

சேவல் வளர்க்கலாம், மாடு வளர்க்கலாம். மயிலா? இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. சிரிப்போடு வேறு ஏதோ ஒன்றும் வருகிறது, அதற்கு எனக்குப் பெயர் தெரியவில்லை.

மேட்டூரில் அணை எழும்பிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. நான் ஒரு நூல் கடையில் வேலையாக இருந்தேன். நூல் கட்டுகளைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போவேன். ஓரிடத்தில் உட்காரச் சொன்னால் எனக்குக் காலெல்லாம் எறும்பு ஊறும். என் மனைவிதான் வீடு. அந்த வீட்டில் ஒரு வருஷம் குழந்தை பிறந்து தங்காமல் போயிற்று. நான் சாலைகளில் ஓடி ஓடி அதைத் தாண்டினேன். அவள் ஓட முடியாதவள். அடுப்புக்கும் வாசலுக்கும் நடுவில் நின்றுகொண்டே இருந்தாள்.

நாமகிரிப்பேட்டைப் பக்கம் காடு வைத்திருந்த அவளுடைய அண்ணன், வரப்போரம் கிடந்த மயில் முட்டைகளை எடுத்து அடைக்கோழிக்கு வைத்திருந்தார். பொரித்ததில் ஒன்றைக் கூடையில் போட்டு எடுத்து வந்தார். "ஒரு பராக்குக்கு இருக்கட்டும் சாமி" என்று தங்கையின் கையில் கொடுத்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் வண்டி ஏறிப் போய்விட்டார். அண்ணன்மார்கள் அழுகையை அப்படித்தான் மறைப்பார்கள்.

கறையானும் ஊறவைத்த கம்பும் தின்று அது வளர்ந்தது. மத்தியானங்களில் அவள் முந்தானை மடிப்புக்குள் தலையை நுழைத்துத் தூங்கும். மண்நிறக் குஞ்சு எப்போது நீலமாயிற்று என்று எனக்குத் தெரியாது. நான் ஏதோ ஒரு சாலையில் இருந்திருப்பேன். ஒரு வைகாசியில் வீடு திரும்பினால் ஓட்டு முகட்டில் முழுத்தோகை இறங்கிக் கிடக்கிறது, பாதி எங்கள் கூரைமேல், பாதி பக்கத்து வீட்டுக் கூரைமேல். கழுத்தை நீட்டி ஒரு தடவை அகவியது. சைக்கிளைப் போட்டுவிட்டேன்.

அதே வைகாசியில்தான் பக்கத்து வீட்டில் ஆண் குழந்தை பிறந்திருந்தது. புருஷனும் பெண்சாதியும் சின்ன வயது. கல்யாணமாகி வெகுநாள் பிள்ளையில்லாமல், பழனிக்குக் காவடி எடுத்து, கால் வெடிக்க நடந்து, முருகனிடம் கேட்டு வாங்கிய பிள்ளை. அவனுடைய தூளி தொங்கிய விட்டத்துக்கு நேர் மேலேதான் மயில் உட்காரும் முகடு.

ஒரு நாள் அந்தப் பெண் வாசலில் நின்று சொன்னாள். "அக்கா, உங்க மயிலு என்ன கம்பீரமா அகவுதுங்க! தெருப் பூராக் கேக்குதுங்க."

என் மனைவி உள்ளே வந்து இரண்டு கை கம்பு கூடுதலாக ஊற வைத்தாள்.

அப்புறம் அந்தப் பெண்ணின் புருஷன் என்னை வழிமறித்தான். "ஏனுங்ணா, அதுக்குச் சாமியே குடுத்த தொண்டைங்க. கோழிக்கு முந்தித் தெருவ எழுப்பி உட்டுருதுங்க. நம்மளுக்கும் தறியில உக்காந்தா ஒரு தொணையாட்ட இருக்குது."

நான் பூரித்துப் போனேன். நாங்கள் பெற்று வளர்த்த பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் பாராட்டியது போல இருந்தது. பாராட்டு நாளுக்கு நாள் கூடியது. அந்தப் பெண் புகழப் புகழ அவள் கண்ணுக்குக் கீழே கருப்பு ஏறிக்கொண்டே போனதை நாங்கள் இருவருமே கவனிக்கவில்லை. எதிர் வீட்டு அம்மாள்தான் என்னைச் சாணி தெளிக்கிற வாசலில் நிறுத்திக் கேட்டாள்.

"உனக்குக் காது இருக்குதா சாமி?"

"ஏனுங்க?"

"பக்கத்து வீட்டுப் பொண்ணு தூங்கி எத்தன நாளாச்சோ. கொழந்த ஒவ்வொரு கத்தலுக்கும் தூக்கித் தூக்கிப் போடுது, வீல்னு அழுகுது. முருகன் கிட்டக் கேட்டுப் பெத்தவ, முருகனோட மயில வாய மூடச் சொல்லுவாளா? அதான் மெச்சி மெச்சிச் சொல்றா. நீங்க ரெண்டு பேரும் என்னடான்னா பல்ல இளிச்சுட்டு நிக்கறீங்க."

நான் போய் மனைவியிடம் சொன்னேன். அன்று சாயங்காலமே அவள் மயிலை அழைத்து உள்ளறையில் விட்டு, சன்னலுக்குச் சாக்குப் படுதா கட்டினாள். இருட்டில் மயில் அகவாது. விடியும்போது அறைக்குள் ஒரு சத்தமும் இல்லை. ஆனால் திறந்து பார்த்தால் தோகை சுவரில் மோதி ஒடிந்து கிடந்தது. கம்பு வைத்தது வைத்தபடி இருந்தது. மறுநாளும் அப்படியே. அவள் அதன் முன்னால் உட்கார்ந்து ஒடிந்த இறகைத் தடவிக்கொண்டிருந்தபோது, சுவர் வழியே சேதி போயிற்றோ என்னவோ, பக்கத்து வீட்டுப் பெண் ஓடி வந்தாள்.

"அக்கா, தொறந்து உடுங்க! எம் புள்ளைக்காக அவரு வாகனத்த அடைச்சு வெச்சா, அந்தப் பாவம் யார் மேல வந்து விழுகும்?"

"அப்போ எங்கண்ணன் காட்டுல கொண்டுபோயி உட்டுர்றேன்."

சொன்னவளின் குரல் எனக்குத் தெரியாத குரலாக இருந்தது. அந்தப் பெண் பதறிப்போனாள். "அய்யோ, தொரத்துறதா? அது அதுக்கும் மேலங்க அக்கா! அதுவும் உங்க மயிலு..." அதற்கு மேல் அவள் சொல்லவில்லை. அந்த மயில் என் மனைவிக்கு என்ன என்று ஒரே சுவர் உள்ள வீட்டில் தெரியாமலா இருக்கும்?

மயில் மறுபடி முகட்டுக்குப் போயிற்று. குழந்தை மறுபடி அழுதது.

ஒரு விடியலில் சைக்கிள் சக்கரத்துக்குக் காற்றடித்துக்கொண்டே மேலே பார்த்தேன். மயில் சும்மா உட்கார்ந்திருந்தது. பக்கத்து வீட்டில் தறி ஓட ஆரம்பித்தது. கயிற்றை இழுத்தால் ஊடைநூலோடு தானே ஓடும் புது மாதிரி நாடாக்கட்டை, பெட்டியில் போய் மோதும்போது துப்பாக்கி போல் வெடிக்கும். முதல் அடி விழுந்தது. மயில் கழுத்தைத் தூக்கி அகவியது. இன்னொரு அடி. இன்னொரு அகவல். நான் போய் அவனிடம் சொன்னேன். அவன் தறிக்குழியில் கால் வைத்தபடியே சிரித்தான்.

"அட, எனக்கும் அதுக்கும்தான் பேச்சாட்ட இருக்குது! நிறுத்திப் பாக்கட்டுங்களா?"

நிறுத்தினான். முகட்டில் மயில் அடங்கியது. தூளியில் குழந்தை அழ ஆரம்பித்தது.

அவனும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். தாய் வயிற்றில் இருந்தபோதே அந்தத் தறியைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த குழந்தை அது. நெசவுக்காரர் பிள்ளைகள் எல்லாம் அப்படித்தான், தறி ஓடினால் தூங்கும், நின்றால் விழிக்கும். ஓடினால் மயில் எழுப்பும். நின்றால் நிசப்தம் எழுப்பும். எதிர் வீட்டு அம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "பேசாம மயிலுக்கு நெய்யக் கத்துக் குடுத்துருங்க. அது தறியில உக்காரட்டும், நீங்க எல்லாரும் முகட்டுல ஏறிக்கங்க!"

என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. குழந்தை பிறந்ததிலிருந்து அவள் அந்த வீட்டுப் படி ஏறவில்லை. வசம்பும் விளக்கெண்ணெயும் என் கையில்தான் கொடுத்தனுப்பினாள். போகாதே என்று யாரும் சொன்னதில்லை. பிள்ளை தங்காதவள் பச்சைக் குழந்தையைத் தூக்கக் கூடாது என்று அவளாகவே வைத்துக்கொண்ட விலக்கு அது. தெருவும் அதைத் தெரியாத மாதிரி இருந்தது.

அடுத்த விடியலில் தறி தொடங்குவதற்கு முன்பே எழுந்தாள். முகம் கழுவினாள், கொண்டை போட்டாள். நான் ஏனென்று கேட்கவில்லை, பின்னாலேயே போனேன். பக்கத்து வீட்டு வாசலில் நின்று கையை நீட்டினாள்.

"சாமிய இப்பிடிக் குடு."

அந்தப் பெண் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. குழந்தையைத் தூளியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

தறிக்குழிக்குப் பக்கத்தில், மண்தரையில், என் மனைவி காலை நீட்டி உட்கார்ந்து குழந்தையை மடியில் போட்டுக்கொண்டாள். தறி ஓடியது. மேலே ஓட்டில் நகம் பிறாண்டும் ஒரு சின்னச் சத்தம். எனக்குக் கேட்கவேயில்லை, அவள் பின்னால் சொல்லித்தான் தெரியும். அகவுவதற்கு முன் மயில் காலை மாற்றி வைக்கும். முந்தானைக்குள் வளர்த்தவளுக்கு அது தெரியும். அவளுடைய இரண்டு உள்ளங்கையும் குழந்தையின் இரண்டு காதிலும் போய் உட்கார்ந்தன. மயில் ஊர் அதிர அகவியது. குழந்தை அசையவில்லை. தறியின் அடி மட்டும் தரை வழியாக ஏறி, அவள் தொடை வழியாக ஏறி, அவன் முதுகுக்குப் போய்க்கொண்டிருந்தது. தூக்கத்தில் உதட்டைச் சப்பினான். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அவன் தாய், உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள்.

அன்றிலிருந்து விடியல்கள் அப்படியே போயின. ஆனி, ஆடி, ஆவணி, புரட்டாசி. நான் எந்த ஊரில் இருந்தாலும் கோழி கூவும் நேரத்தில் என் கைகள் சூடாவது போல இருக்கும்.

ஐப்பசி மழையோடு தோகை உதிர்ந்தது. இரண்டு வீட்டு வாசலிலும் பச்சைக் கண்கள் நனைந்து கிடந்தன. இறகு கொட்டிய மயிலுக்குக் குரலும் போய்விடும். தறியின் முதல் அடி விழுந்தபோது அது ஈரம் சொட்ட முகட்டில் உட்கார்ந்து, யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பது போல் பார்த்துக்கொண்டிருந்தது.

என் மனைவி கொண்டையைப் போட்டுவிட்டாள். நடைவரை போய் நின்றாள். காது கொடுத்தாள். பிறகு திரும்பி வந்து அடுப்பு முன்னால் உட்கார்ந்தாள். "இனி நான் எதுக்குங்க அங்க" என்றாள், என்னிடம் அல்ல, அடுப்பிடம்.

கொஞ்ச நேரத்தில் வாசலில் நிழல் தட்டியது. அந்தப் பெண், இடுப்பில் குழந்தை, தலையில் மழைக்குச் சாக்கு.

"ஏனுங்க அக்கா, இன்னிக்கு வரலீங்க?"

"இறகு கொட்டிருச்சு சாமி. இனி அது கத்தாது. நிம்மதியாத் தூங்கட்டும் பையன்."

"எங்கீங்க தூங்கறான்? தூளியில போட்டா தலையத் திருப்பித் திருப்பித் தேடறான். எங்கைய வெச்சாத் தட்டி உடறான். இந்தாங்க, நீங்களே புடிங்க, எனக்குத் தறிக்குப் பாவு போடற வேல கெடக்குது."

மடியில் போட்டுவிட்டு அவள் போயே போய்விட்டாள். என் மனைவி அடுப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு பொத்த ஒரு சத்தமும் இல்லாத அந்த இரண்டு காதுகளையும் மெதுவாகப் பொத்தினாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான். உலை கொதித்துப் பொங்கி வழிந்தது. நான்தான் எழுந்து போய் இறக்கி வைத்தேன்.