பாணிக்கு மேலே தொங்கிய வெள்ளைக் கட்டி

பியர்பொன்ட்ஸில் எங்கள் தெருவுக்கு வரும் எவரும் நகுலேஸ்வரன் அண்ணையின் கேள்விகளுக்குத் தப்பியதில்லை. குழாய் திருத்த வந்தவரிடம், இந்தத் தண்ணீர் எந்த ஆற்றுத் தண்ணீர் என்பார். பல் வைத்தியர் வாயைத் திறக்கச் சொன்னால், ஊசி போட்டதும் ஒரு பக்கம் மட்டும் ஏன் மரத்துப்போகிறது என்று கேட்டுவிட்டுத்தான் திறப்பார்.

பள்ளிக்கூட பஸ் ஓட்டுவது அவர் தொழில். சில வருடங்களுக்கு முன் ஒரு மார்ச் மாதம், பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு றிகோ பக்கமுள்ள ஒரு மேப்பிள் பண்ணைக்குப் போனார். பிள்ளைகள் உள்ளே பான்கேக் சாப்பிட, இவர், மரநீரை வற்ற வைத்து இனிப்புப் பாணி காய்ச்சும் கொட்டகையில் நின்று பண்ணைக்காரி கத்தரினைத் துளைத்தெடுத்தார். மரத்தால் வடிவது பச்சைத் தண்ணீர் மாதிரி இருக்கிறதே, இனிப்பு எங்கே ஒளிந்திருக்கிறது? இரவில் உறைந்தால்தான் பகலில் சொட்டும் என்பது ஏன்? இறக்கும் பதம் எப்படித் தெரியும்? எல்லாம் அவருடைய பஸ் சாரதிப் பிரெஞ்சில்.

"சனிக்கிழமை வாரும் நகுல். கேக்கிற நேரத்துக்கு விறகாவது போடலாம்" என்றாராம் கத்தரின். மனுஷன் உண்மையாகவே போய்விட்டார். அதற்குப் பிறகு மார்ச் மாதச் சனிக்கிழமைகளில் அவரை வீட்டில் பிடிக்க முடியாது.

இந்த வருடம் அவரை அடுப்பு வாயிலிருந்து பாணித் தட்டுக்கு உயர்த்தினார் கத்தரின். அந்தப் பூரிப்பில் அண்ணை நேரே டொலார்ட் முருகன் கோயிலுக்குப் போய், பங்குனி உத்தர அபிஷேகத்தில் பஞ்சாமிர்தத்தோடு மேப்பிள் பாணியும் சேர்க்கலாமா என்று ஐயரைக் கேட்டார்.

"கடைப் போத்தல் எண்டால் வேண்டாம். என்னத்தைக் கலக்கிறாங்களோ" என்றார் ஐயர்.

"நான் என்ரை கையால காய்ச்சிறது ஐயா. மரத்துத் தண்ணியும் நெருப்பும். வேறை ஒண்டுமில்லை."

"அப்ப கொண்டு வாங்கோ."

அன்று மடைப்பள்ளியிலிருந்து செருப்பு விடும் இடம் வரைக்கும் எல்லோருக்கும் இந்தச் செய்தியைச் சொல்லாமல் அவர் வெளியே வரவில்லை.

உத்தரத்துக்கு முந்தின சனிக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பனி உருகின சேற்றில் கார் புதைந்துவிடுமோ என்று நான் வழி முழுக்கப் பயந்துகொண்டிருந்தேன். அதுதான் இந்த வருடத்தின் கடைசிப் பாணிக் காய்ச்சல். மரங்களில் மொட்டு வீங்கத் தொடங்கியிருந்தது. மொட்டு விரிந்தால் பாணியில் ஒரு கெட்ட வாடை வந்துவிடுமாம்.

கொட்டகை முழுக்க இனிப்பு ஆவி. நீளத் தகரத் தட்டில் பாணி குமுறிக்கொண்டிருந்தது. அதற்கு ஒரு சாண் மேலே, நூலில் ஒரு வெள்ளைக் கட்டி தொங்கியது.

"அண்ணை, என்ன உது?"

"சத்தம் போடாதையும்" என்று காதுக்குள் சொன்னார். "கண்ணூறுக்குக் கட்டியிருக்கினம். நாங்கள் கடை வாசலில பூசணிக்காய் தூக்கிறேல்லையே, அது மாதிரி. ஆக்களின்ரை நம்பிக்கையைக் கிண்டக் கூடாது எண்டு நான் இவ்வளவு காலமும் கேக்கேல்லை."

அந்த நேரம் தட்டில் நுரை பொங்கியது. நான் பின்னால் பாய்ந்தேன். நுரை எழும்பி அந்தக் கட்டியைத் தொட்டதும், அதட்டின பிள்ளை மாதிரி அடங்கிப் படுத்துவிட்டது. அண்ணை குனிந்து பார்த்தார். இன்னொரு தரம் பொங்கியது, தொட்டது, படுத்தது. நம்பிக்கையைக் கிண்டக் கூடாதென்ற மரியாதை அத்தோடு தோற்றுப்போனது.

"மடாம் கத்தரின், இது என்ன?"

"பன்றிக் கொழுப்பு. நுரை பொங்காமல் இருக்க. அப்பா காலத்துப் பழக்கம்."

இதே தட்டில் காய்ச்சி, கோயிலுக்கென்று நிறைத்த இரண்டு போத்தல்கள் ஏற்கெனவே காரில் இருந்தன.

"வடிச்ச பாணிதானே அண்ணை, ஒருத்தருக்கும் தெரியாது" என்றேன்.

"வேறை ஒண்டுமில்லை எண்டு சொல்லிப்போட்டனே தம்பி. சொல்லாமல் விட்டிருந்தாலும் பரவாயில்லை."

மனைவி சிவாஜினிக்கு போன் எடுத்தார். சிரிப்பு எனக்கும் கேட்டது.

"கிறிஸ்தோப்பர் அண்ணை வீட்டுப் பார்ட்டியில பன்றி இறைச்சி டெவிலைக் கோப்பையோட வழிச்சுத் திண்டது ஆர்?"

"அது எனக்கு. இது முருகனுக்கு. ஒரு வழி சொல்லுமப்பா."

"கொழுப்புத்தானே நுரையை அடக்குது? சாப்பாட்டுப் பையைத் திறந்து பாருங்கோ. பருப்புக்கு விட நெய் வைச்சிருக்கிறன்."

அண்ணை விஷயத்தைக் கத்தரினிடம் விளக்கினார். அவர் சிரிக்கவில்லை, மரநீர்ப் பீப்பாவை எட்டிப் பார்த்தார். அடியில் மிஞ்சியது ஒரு போத்தல் பாணிக்குத்தான் காணும். நாளைக்கு வடிவது உதவாது.

"பொங்கி நெருப்பில ஊத்துப்பட்டால் முடிஞ்சுது நகுல். பேந்து அடுத்த வருஷம்தான்."

புதுச் சட்டி வந்தது. நீர் வற்ற வற்றக் கொட்டகைக்குள் பேச்சும் குறைந்தது. அண்ணை கரண்டி நுனியில் நெய்யோடு, கண் இமைக்காமல் நின்றார். நுரை மெல்ல எழும்பி, திடீரென்று விளிம்புக்கு ஏறியது.

"விடுங்கோ அண்ணை!" என்று கத்தினேன்.

ஒரு துளி. நுரை நடுவில் குழி விழுந்து, அப்படியே அமர்ந்தது. கத்தரின் சட்டிக்கு மேலே குனிந்து மணந்தார். அடுத்த தரம் பொங்கியபோது கரண்டியைத் தானே வாங்கி ஒரு துளி விட்டுப் பார்த்தார். வெண்ணெயை என்ன செய்தால் இந்த மணம் வரும், எவ்வளவு நேரம் உருக்க வேண்டும் என்று இப்போது அவர் கேட்க, பதில் சொல்லும் முறை அண்ணைக்கு வந்தது.

கடைசியில் அகப்பையை முக்கித் தூக்கிக் காட்டினார் கத்தரின். பாணி துளித்துளியாக விழாமல், விளிம்பு நீளத்துக்கும் சீலை மாதிரி ஒன்றாய் இறங்கியது. அதுதான் பதம். ஒரேயொரு போத்தல், பால் விடாத பிளேன் ரீயைவிடக் கறுப்பு.

காரில் இருந்த இரண்டையும் சிவாஜினி அக்கா தோசைக்கும் அப்பத்துக்கும் விட்டே முடித்தார். அந்த ருசிக்குப் பன்றியும் காரணமோ என்று அண்ணை ஒவ்வொரு தோசைக்கும் கேட்டாராம்.

உத்தரத்தன்று ஐயர் போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஏன் இப்பிடிக் கறுப்பு?"

அண்ணை ஒன்றையும் மறைக்கவில்லை. பன்றியில் தொடங்கி நெய்யில் முடித்தார். பின்னால் நின்ற சண்முகலிங்கம் மாமா இருமி இருமிச் சிரிப்பை விழுங்கினார்.

ஐயர் போத்தலைத் திறந்து மணந்து பார்த்தார். பிறகு, "நெய் எப்பிடியும் அபிஷேகத்தில சேருறதுதானே" என்று வாங்கி வைத்தார். "எத்தினை துளி விட்டனீங்கள்?"

பஞ்சாமிர்தம் முடிந்து பாணியின் முறை வந்தது. எல்லோரும் கைகூப்பி முருகனைப் பார்த்தோம். அண்ணையின் கண் மட்டும் ஐயரின் கையிலிருந்த செம்பின் விளிம்பில் இருந்தது. பாணி ஒன்றாய், அகலமாய், அறாமல் இறங்கியது.

"பாத்தீரே தம்பி" என்று என் விலாவில் இடித்தார். "சீலை."