விரல்மேல் லேபிள்

"கையை நீட்டுங்கண்ணே. விரலை நல்லா விரிங்க."

ஒச்சப்பன் நீட்டிய கைமேல் ஞானதீபம் ஒரு பட்டாசு லேபிளை வைக்கிறாள். மூச்சை அடக்கிக்கொண்டு காகிதத்தின் ஓரத்தையே பார்க்கிறாள். நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்றில் அவள் நர்ஸ். புகையிலையை விட்டவர்களுக்குக் காலையில் இந்தச் சோதனை உண்டு. லேபிள் ஆடாவிட்டால் வெடிமருந்து கலக்கும் அறைக்குப் போகலாம். ஆடினால் அன்றைக்குப் பேக்கிங், கூலி குறையாது. அவள் முதலாளியிடம் நாலு தடவை நடையாய் நடந்து வாங்கிய சலுகை அது.

தீப்பெட்டியும் பீடியும் கம்பெனி கேட்டோடு நின்றுவிடும். புகையிலைக்கு நெருப்பு வேண்டாம்; கன்னத்துக்குள் அடங்கி உள்ளே வந்துவிடும். ஒச்சப்பன் இருபது வருசமாக அப்படித்தான் மருந்து கலக்கினார். போன மாதம் டார்ச் அடித்துப் பார்த்தபோது அவர் கன்னத்துக்குள் வெள்ளைப் படலம் தெரிந்தது. இப்போதே விட்டால் தப்பிக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஞானதீபம் விடாமல் நச்சரித்து விடவைத்தாள். இன்று நாலாம் நாள்.

நாலு நாளாக அவளுக்கும் தூக்கம் இல்லை. விடாவிட்டால் வாய் போகும். விட்டால் கை நடுங்கும். மருந்து அறையில் நடுங்கினால் என்ன ஆகும் என்று இந்த ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுக் கதவு 'டப்'பென்று அடித்தால்கூட "கர்த்தாவே, ஒச்சப்பண்ணனா?" என்று எழுந்துவிடுகிறாள். யாரைக் கண்டாலும் முதலில் விரலைப் பார்க்கிற பழக்கம் வேறு. ஞாயிற்றுக்கிழமை திருவிருந்துக் கிண்ணத்தை நீட்டிய போதகரின் விரலையும் விட்டுவைக்கவில்லை. "என் கையையும் பாத்துட்டுத்தான் காப்பி தர்றா" என்று கணவர் செல்வநாயகம் கேலி செய்கிறார்.

லேபிள் படபடக்கிறது.

"காத்துல ஆடுது சிஸ்டர்."

"ஜன்னலை அடைச்சுத்தான வச்சிருக்கேன்? ராத்திரி தூங்குனீகளா?"

"எங்கன தூங்க? பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கெடந்தேன். கையெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

"இன்னைக்குப் பேக்கிங்குக்குப் போங்கண்ணே."

வாசலில் நின்ற போர்மேன் முத்துராமலிங்கத்துக்குப் பொறுக்கவில்லை. "சீசன் நேரம் சிஸ்டர். இவரை விட்டா மருந்து கலக்க ஆளு ஏது? ஒரே ஒரு சிட்டிகை போடட்டும், கை தன்னால நின்னுரும்." தன் பொட்டலத்தைப் பிரித்துக் கொஞ்சம் கிள்ளி நீட்டுகிறார்.

அவர் சொல்வது உண்மை. போட்டால் நடுக்கம் நின்றுவிடும். நாலு நாள் பட்ட பாடும் அதோடு போய்விடும்.

ஒச்சப்பனின் உள்ளங்கை மெல்லத் திரும்பி விரிகிறது. ஞானதீபம் சட்டென்று தன் கையை அதன்மேல் வைத்துவிடுகிறாள். புகையிலை அவள் கையில் விழுகிறது. விரல்களை இறுக மூடிக்கொள்கிறாள்.

"முதலாளிகிட்ட நான் பேசிக்கிறேன். நீங்க நடங்கண்ணே."

ஒச்சப்பன் முற்றத்தைக் கடந்து பேக்கிங் கூடத்துக்குள் நுழையும்வரை அவள் அந்தக் கையைத் திறக்கவில்லை.